புத்தளக் கரையும் பொறிகளின் மொழியும்

ஈழநாட்டின் மேற்குக் கரையிலே சிலாபந் தொடங்கிக் கற்பிட்டி முனை ஈறாக நீண்டு கிடக்கும் நெய்தல் நிலம், பண்டுதொட்டுப் பல மொழிகள் வந்து கரையேறிய நிலமாகும். 1344 ஆம் ஆண்டிலே மாலைதீவினின்றும் புறப்பட்ட மொரோக்கோ நாட்டுப் பயணி இபுன் பதூதா, காற்றினால் அலைப்புண்டு புத்தளத் துறையில் வந்திறங்கினார். அங்கே தம்மை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழியை விளங்கிக்கொண்டார் என அவர் தமது பயணநூலிற் குறித்துள்ளார். பின்னர்ப் போர்த்துக்கேயம் வந்தது. அதன்பின் ஒல்லாந்தர் 1667 இலே கற்பிட்டியிற் கோட்டை கட்டத் தொடங்கினர். அவர்க்குப் பின் ஆங்கிலம் வந்தது. அக்கற்பிட்டியில் 1807 இலே பிறந்த சைமன் காசிச் செட்டி, ஆங்கிலத்தைக் கற்றுத் தேர்ந்து 1834 இல் இலங்கையின் ஊர்களைப் பற்றிய அகரவரிசை நூலொன்றையும், 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் நூலொன்றையும் அம்மொழியில் வெளியிட்டார். சட்டநிரூபண சபையிலும் அமர்ந்தார்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. புதிய மொழியைக் கற்றவர் தங் காரியத்தைத் தாமே பேசினர். கல்லாதவர் துபாசியின் நாவை நம்பி நின்றனர். துபாசி நல்லவனாயின் காரியம் நடந்தது; அல்லனாயின் கெட்டது. இக்காலத்தே இக்கரைக்கு மீண்டும் ஒரு புதிய மொழியினம் வந்து சேர்ந்துள்ளது. அது மனிதர் மனிதரோடு பேசும் மொழியன்று; மனிதர் சிறு பொறிகளுக்கு ஆணையிடும் மொழியாகும். அம்மொழியின் வரலாற்றையும், அதனை எமது மாணவர் கற்கவேண்டிய காரணத்தையும் ஈண்டு ஆராய்வாம்.

கற்பிட்டித் தீபகற்பத்தின் நுரைச்சோலையிலே 2011 இல் இயங்கத் தொடங்கி, 2014 இல் மூன்று பிரிவுகளாக நிறைவுற்ற நிலக்கரி மின்னிலையம் 900 மெகாவாற்று ஆற்றல் வாய்ந்தது. அதற்கு அண்மையிலுள்ள மாம்புரியில் 2010 இலே 10 மெகாவாற்றுக் காற்றாலைத் தொகுதி நிறுவப்பட்டது. காற்றாலையின் தலையிலே காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்குங் கருவிகள் உள. அவ்வளவுகளை நோக்கிச் சுழலியின் முகத்தைத் திருப்புவதும், இறகுகளின் சாய்வை மாற்றுவதும், புயற்காலத்தில் இயக்கத்தை நிறுத்துவதும் அங்கு பொருத்திய ஒரு கணினியின் பணியாகும். திரையும் விசைப்பலகையும் இன்றி, வேறொரு பொறியின் உள்ளே அடங்கி, அதனை ஆளும் இத்தகைய கணினியை உட்பொதி கணினி என்பர். மின்னிலையத்தின் காப்புக் கருவிகளும் அவ்வினத்தனவே. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் தீவு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, நுரைச்சோலைப் பிரிவுகள் மூன்றும் நின்றுபோயின. அவை மீண்டும் இயங்கப் பல நாட்கள் சென்றன. அத்தகைய வேளையில் நிற்பதா இயங்குவதா என்னும் முடிவினைக் கண்ணிமைப்பொழுதில் எடுப்பன காப்புக் கருவிகளே. மனிதன் எண்ணித் துணிய அங்கு நேரமில்லை.

கடற்றொழிலாளர்க்கும் இப்பொறி புறம்பானதன்று. 2015 சனவரி முதல் இலங்கைக் கலங்கள் பிடித்த மீனை வாங்குவதில்லை என ஐரோப்பிய ஒன்றியம் தடைவிதித்தது. அதற்குக் காட்டிய குறைகளுள் ஒன்று, ஆழ்கடலிற் செல்லுங் கலங்கள் தாம் நிற்கும் இடத்தை அறிவிக்குங் கண்காணிப்புக் கருவியைப் பெற்றிராமை. கருவிகள் பொருத்தப்பட்டு, வேறு சீர்திருத்தங்களும் நிகழ்ந்த பின்னரே 2016 யூன் மாதத்தில் அத்தடை நீங்கிற்று. செய்மதிகளினின்றும் தன் இடத்தைக் கணித்து, அதனைக் கரைக்கு அனுப்பும் அச்சிறு பெட்டியும் ஓர் உட்பொதி கணினியே. ஒரு நாட்டின் மீன் விலைபோவதும் போகாமையும் ஒரு பெட்டியைச் சார்ந்து நின்றது எனின், அதன் உள்ளே எழுதப்பட்ட ஆணைகளை வாசிக்கவல்லார் எம்முள் எத்தனை பேர் என்னும் வினா எழுதல் இயல்பே.

அவ்வாணைகளின் வரலாறு நெடியது. 1969 யூலை 20 ஆம் நாள் சந்திரனில் மனிதரை இறக்கிய அப்பொலோ கலத்தின் கணினி, உட்பொதி கணினிகளுள் முன்னோடியாகும். அதன் நிலையான நினைவகம் 36,864 சொற்களையும், மாற்றத்தக்க நினைவகம் 2,048 சொற்களையுமே கொண்டது. நிலையான நினைவகத்திற்குரிய ஆணைகளைத் தொழிற்சாலைப் பெண்கள் மெல்லிய கம்பிகளாற் காந்த வளையங்களினூடே பின்னினர். கம்பி வளையத்தின் உள்ளே சென்றால் ஒன்று. வெளியே சென்றால் பூச்சியம். வலை பின்னுவோர் கையறிவைப் போன்றதே அக்கையறிவும். பின்னி முடித்த ஆணையிற் பிழையிருப்பின் அதனைத் திருத்தல் அரிதாதலின், எழுதுவோர் ஒவ்வோர் ஆணையையும் பன்முறை சோதித்தனர்.

1971 இலே இன்ரெல் நிறுவனம் ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்களை ஒரே சில்லில் அடக்கி 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. அதன்பின் கணினி விலை குறைந்து, தையற்பொறியிலும் உந்துவண்டியிலும் குடிபுகுந்தது. தொடக்கத்தில் அச்சில்லுகளுக்கு ஆணையிட்டோர், ஒவ்வொரு சில்லுக்கும் உரிய குறிமொழியையே எழுதினர். ஒரு சில்லுக்கு எழுதியது மற்றொன்றுக்குப் பயன்படாது. ஊர்தோறும் வெவ்வேறு மொழி பேசவேண்டிய வணிகனின் நிலை அது.

இத்தொல்லையைத் தீர்த்தது சி என்னும் மொழி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் றிச்சி என்பார் 1972 ஆம் ஆண்டளவில் அதனை உருவாக்கினார். சி மொழியில் எழுதியதைத் தொகுப்பி என்னும் வேறொரு செய்நிரல் அந்தந்தச் சில்லின் மொழிக்குப் பெயர்த்துத் தரும். அம்மொழி சிறியது, விரைவானது, நினைவகத்தின் எந்த அறையையும் நேரே தொடவல்லது. இக்குணங்களால் உட்பொதி கணினிகளின் உலகமெங்கும் அது பரவிற்று. ஆயின் அதன் வலிமையே அதன் குறையுமாயிற்று. நூறு அறைகள் கொண்ட பகுதியில் நூற்றோராவது அறைக்கு எழுதுக என்றாலும் சி தடுப்பதில்லை. முன்னரே திருப்பிக் கொடுத்துவிட்ட அறையை மீண்டும் பயன்படுத்தினாலும் வினவுவதில்லை. எழுதுவோன் ஒருபோதும் தவறான் என்னும் நம்பிக்கையின்மீது அம்மொழி கட்டப்பட்டது. தமது செய்நிரல்களில் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 வீதமானவை நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதனால் விளைந்தன என 2019 இல் மைக்குறோசொவ்ற் நிறுவனத்தார் எடுத்துரைத்தமை ஈண்டு நினைக்கத்தகும்.

பிழை மேசைக் கணினியில் நேர்ந்தால் எழுத்து அழியும்; உட்பொதி கணினியில் நேர்ந்தால் உயிரே போகும். தெராக்-25 என்னும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பொறி 1985 தொடக்கம் 1987 வரை ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் அறுவர்க்கு அளவிறந்த கதிர்வீச்சைச் செலுத்தியது; அவருட் சிலர் இறந்தனர். அதன் செய்நிரல் சில்லுக்குரிய குறிமொழியில் எழுதப்பட்டிருந்தது. செய்நிரலின் இரு பகுதிகள் ஒரே நினைவறையை ஒன்றையொன்று அறியாது ஒரே வேளையிற் கையாண்டமை அவ்விபத்துக்களின் காரணங்களுள் ஒன்று. பணியாளர் விரைவாகத் தட்டச்சிட்டுத் திருத்தினால் மட்டும் அது வெளிப்பட்டதாதலின், சோதனைகளில் அகப்படாது ஒளிந்திருந்தது.

இத்தகைய பிழைகளை மொழியே தடுக்கவேண்டும் என்னும் எண்ணம் அறிஞரிடையே முன்னரே தோன்றியிருந்தது. ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் ஒரு போட்டி நடத்தி, ஜீன் இக்பியா என்பாரின் குழுவினர் வகுத்த மொழியைத் தேர்ந்து, 1815 இற் பிறந்த ஏடா லவ்லேஸ் அம்மையாரின் பெயரை அதற்குச் சூட்டியது. 1983 இல் ஏடா மொழி தரநிலை பெற்றது. அது கண்டிப்பான மொழி; இன்றும் விமானங்களிற் பயன்படுகிறது. எனினும் 1996 யூன் 4 ஆம் நாள் ஏரியன் 5 என்னும் ஏவுகலம், எழுந்து ஏறத்தாழ 37 விநாடிகளிலே சிதைந்தது. அதன் செய்நிரல் ஏடாவில் எழுதப்பட்டதே. முன்னைய ஏரியன் 4 கலத்துக்குரிய ஒரு பகுதியை மீள எடுத்தாண்டமையால், பெரிய எண்ணொன்று சிறிய அறையில் அடங்காது வழிந்தது. அந்நிலைக்கு வேண்டிய காப்பு அவ்விடத்தில் விடப்பட்டிருந்தது. நல்ல மொழி மட்டும் நல்ல செய்நிரலைத் தந்துவிடாது என்பதற்கு இது சான்று.

இவ்வரலாற்றின் அடுத்த படியே ரஸ்ற் என்னும் மொழி. கனடாவின் வான்கூவர் நகரிலே ஒரு மாடிக்கட்டடத்தில் வசித்த கிறேடன் ஹோர் என்பார், 2006 இலே ஒருநாள் வீடு திரும்பியபோது மின்தூக்கி செயலிழந்து நின்றது. அதன் செய்நிரல் குலைந்திருந்தது. இருபத்தோராம் மாடிவரை படியேறிய அவர், ஒரு மின்தூக்கிக்குங்கூடக் குலையாத செய்நிரல் எழுத இயலாதா என எண்ணி, ஒரு புதிய மொழியை வகுக்கத் தொடங்கினார். 2009 இலே மொசில்லா நிறுவனம் அம்முயற்சியை ஆதரித்தது. பலர் கூடி உழைத்து 2015 மே 15 ஆம் நாள் அதன் முதற் பதிப்பை வெளியிட்டனர். 2022 திசெம்பரில் இலினக்ஸ் கருவகத்துள்ளும் அது இடம்பெற்றது. ரஸ்ற் என்னும் ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் உப்புக்காற்றில் இரும்பைத் தின்னுந் துருவே கரையோரத்தார்க்கு நினைவு வரும். ஆயின் அம்மொழி பெயர் பெற்றது, பயிர்களைப் பற்றி எளிதில் அழியாது நிலைக்கும் துருப்பூஞ்சையினின்றும் என்பர்.

அம்மொழியின் உயிர்நாடி உடைமை விதியாகும். இதனை விளக்க உடப்புக் கரையின் கரைவலைத் தொழிலே போதிய உவமை. வலை ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்மாட்டியார் உண்டு. இருவர் தனித்தனியே தமதென உரிமை கொண்டாடார். ரஸ்ற் மொழியிலும் நினைவகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உடைமையாளனே உளன். அவன் பணி முடிந்தவுடன் அவ்வறை தானே விடுவிக்கப்படும். வலையை இரவல் கொடுத்தல் உண்டு. ஆயின் இரவல் பெற்றவன், உரியவன் அதனைக் கழிக்குமுன் திருப்புதல் வேண்டும். ரஸ்ற் மொழியிலும் இரவல் உண்டு. உடைமை முடிந்தபின் இரவல் நிலைக்க அது இடந்தராது. இவற்றினுஞ் சிறந்தது மூன்றாவது விதி. ஒரு பாட்டிலே ஒரு வலை கடலில் வளைந்து கிடக்கையில், மற்றொருவர் அதன் குறுக்கே தம் வலையை இடார். முறை வந்தபின்னரே தோணியைத் தள்ளுவர். கரையில் நின்று பார்ப்போரோ எத்துணை பேரும் ஆகலாம். அவ்வாறே ஒரு நினைவறையை மாற்றுவோன் ஒருவன் உளனாயின், அவ்வேளையில் வேறெவரும் அதனைத் தொடவும் வாசிக்கவும் இயலாது. மாற்றுவோன் இல்லாவழிப் பலரும் வாசிக்கலாம். தெராக்-25 பொறியில் இரு பகுதிகள் ஒரே அறையிற் குறுக்கிட்டதை நினைவுகூர்வோர்க்கு இவ்விதியின் அருமை தெற்றென விளங்கும்.

இவ்விதிகளைக் காப்பவன் யாவன்? செய்நிரல் இயங்கும்போது கூடவே நின்று கழிவறைகளைத் துப்புரவு செய்யும் ஏவலாளனைச் சில மொழிகள் கொண்டுள்ளன, ஜாவா அவற்றுளொன்று. அத்துப்புரவின் பொருட்டு அவ்வப்போது வேலை சற்றே நிற்கவும் கூடும். மேசைக் கணினி அதனைத் தாங்கும். நொடிக்குள் இறகைத் திருப்பவேண்டிய காற்றாலை தாங்காது. ரஸ்ற் மொழியில் இவ்விதிகளைத் தொகுப்பியே, செய்நிரல் இயங்குமுன்னர்ச் சரிபார்க்கின்றது. மீறல் இருப்பின் செய்நிரலைத் தொகுக்க மறுத்து, வரியையுங் காரணத்தையுஞ் சுட்டுகிறது. சில்லின் இணைப்புக் கால்களும் இவ்விதிக்குள் அமைக்கப்படுவதுண்டு. ஒரு பகுதி ஒரு காலை உடைமையாக்கிக்கொண்டால், மற்றொரு பகுதி அதே காலில் வேறு கருவியை இயக்க முயல்வது பொறியைச் சென்றடையுமுன்னரே தடுக்கப்படும்.

கற்கத் தொடங்கும் மாணவர் இக்கண்டிப்பைக் கண்டு அஞ்சுதல் உண்டு. முதற் கிழமைகளில் தொகுப்பி மறுப்பதே மிகுதியாக இருக்கும். விசயதசமியன்று பச்சரிசியில் எழுத்தை வரையும் பிள்ளையின் விரலை ஆசிரியர் இறுகப் பற்றி நடத்துவதை ஒத்தது அது; விரல் பழகியபின் பிடி தானே தளரும். உட்பொதி கணினிக் கல்வியிலும் ஏடு தொடக்கும் மரபொன்றுண்டு: ஒரு சிறு விளக்கை எரியவும் அணையவும் செய்தலே முதற் பாடம். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. 2016 இலே பி.பி.சி. நிறுவனம் பிரித்தானியப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கிய மைக்குறோபிற் என்னும் உள்ளங்கையளவான பலகையின் இரண்டாம் பதிப்பு, 128 கிலோபைற்று மாற்றத்தக்க நினைவகங் கொண்டது. அது அப்பொலோ கணினியின் அந்நினைவகத்தைப் போல 32 மடங்கு. சந்திரனுக்குச் சென்ற கருவியினும் பெரிய நினைவகத்தைப் பாடசாலை மாணவன் கையில் வைத்திருக்கின்றான். ரஸ்ற் மொழியை அதன்மேற் கற்பிக்கும் நூலும் இணையத்திலே இலவசமாகக் கிடைக்கின்றது.

கற்றதனை இக்கரையின் தேவைக்குப் பயன்படுத்துதல் அடுத்த படி. பாலாவி உப்பளத்தை எடுத்துக்கொள்வாம். கடல்நீரின் செறிவு போமே அளவையில் ஏறத்தாழ 3 பாகை. வெயிலிலே பாத்திக்குப் பாத்தி மாறி ஏறத்தாழ 25 பாகையை எய்தும்போது உப்பு விளையத் தொடங்கும். 30 பாகையை அணுகுமுன் எஞ்சிய கைப்புநீரை வடித்துவிடல் வேண்டும். இவ்வளவைக் கணந்தோறும் அறிந்து மடையைத் திறக்குஞ் சிறு பொறியொன்று மாணவர் முயற்சிக்கு எட்டாததன்று. அதிலே செறிவை அளப்பது ஒரு பகுதி. மடையை ஆள்வது மற்றொரு பகுதி. மழை வருகிறதா எனப் பார்ப்பது இன்னொரு பகுதி. மூன்றும் ஒரே எண்ணைப் பகிரும்போது உடைமை விதியின் பயன் ஏட்டளவில் நில்லாது கண்முன் தோன்றும்.

இதற்கு மறுப்புரைப்பாரும் உளர். உலகிலுள்ள உட்பொதி செய்நிரல்களிற் பெரும்பகுதி சி மொழியில் அன்றோ உள்ளது. புதியதைக் கற்றுப் பயன் என்னை என்பர். அவர் கூற்றிலே உண்மை உண்டு. சில்லு செய்வோர் தரும் துணைநூல்கள் பெரும்பாலும் சி மொழியிலேயே வருகின்றன. பழைய சிறு சில்லுகள் பலவற்றுக்கு ரஸ்ற் எளிதிற் பொருந்துவதில்லை. ரஸ்ற் மொழியிலும் வன்பொருளை நேரே தொடவேண்டிய இடங்களில் காப்பை நீக்கி எழுதும் பகுதி உண்டு. அங்கு எழுதுவோனே பொறுப்பாளி. அன்றியும், கருத்துப் பிழையை எம்மொழியுந் தடாது என ஏரியன் கலம் கற்பித்தது. ஆதலின் சி மொழியை வாசிக்கவும், ரஸ்ற் மொழியில் எழுதவும் பயிலுதலே தக்க வழி. பழையதன் குறையை அறிந்தவனே புதியதன் கண்டிப்பை விரும்பி ஏற்பான்.

எம்மனோர்க்கு இஃது இயலுமா என ஐயுறவும் வேண்டா. ராவணா-1 என்னும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுள்ள செய்மதியை இலங்கைப் பொறியியலாளர் இருவர் சப்பானின் கியூசூ தொழினுட்ப நிறுவனத்திற் பயின்று அமைத்தனர். 2019 யூன் 17 ஆம் நாள் அது சர்வதேச விண்வெளி நிலையத்தினின்றும் விடுக்கப்பட்டது. செய்மதியும் ஓர் உட்பொதி கணினியே. விடுத்தபின் அதனைக் கையாற் றிருத்தல் இயலாது. அத்தகைய பொறுப்பை ஏற்கவல்ல கைகள் இந்நாட்டில் உண்டு என்பதற்கு அது சாட்சி.

கரையோர மாணவன் ஒருவன், தன் தந்தையின் கலத்திலுள்ள பெட்டி ஏன் ஓர் இரவு ஊமையாயிற்று என்பதைத் தானே ஆராயும் அறிவைப் பெறுவானாயின், அதனைப் பழுதுபார்க்க வருவோன் சொல்லும் விலைக்கும் விளக்கத்துக்கும் தலையசைத்து நிற்கவேண்டியவன் அல்லன். தன் ஊர்ப் பொறியைப் பற்றித் தானே பேசவும், பிழையிருப்பின் எழுத்திற் சுட்டவும், வேண்டின் வேறொன்றை ஆக்கவும் வல்லவனாவான். விஞ்ஞானக் கழகங்களைக் கொண்ட கல்லூரிகள் வாரத்துக்கு ஒரு மாலைப் பொழுதையும், நான்கைந்து சிறு பலகைகளையும் இதற்கென ஒதுக்குதல் பெருஞ் செலவன்று. பழைய மாணவருட் பொறியியலாளராய் இருப்போர் அம்மாலைகளிற் கற்பிக்க முன்வருவாராயின், துபாசியின் நாவை நம்பி நில்லாத ஒரு தலைமுறை இக்கரையில் எழும்.